கரிப்பூர், வழி வாளையார்

மூன்று முறை வட்டமடித்ததாம் விமானம்.
கரிப்பூர் மேட்டில் மழை, ஓடுபாதை தெரியவில்லை.
கோயம்புத்தூருக்குத் திருப்பிவிட்டார்கள்.
காக்கை பறக்கிற கணக்கில் நூற்றிருபது கிலோமீட்டர்,
இருபத்திரண்டு நிமிஷம்.

அந்தத் தூரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான்
என்னைக் கூப்பிட்டார்கள், விடிகாலை மூன்று நாற்பதுக்கு.
சாவடியிலிருந்து பஸ்ஸை எடுத்துப் போனேன்.
நாற்பத்தோரு பேர். நான்கரை மணி நேரம்,
மண்ணார்க்காடு மனசு வைத்தால்.

"எத்ர மணிக்கூர்?" என்றார் எனக்குப் பின்சீட்டுக்காரர்.
சொன்னேன்.
ஓட்டல் பில்லைப் பார்த்தவர் மாதிரி சிரித்தார்.
சைதலவி. தம்மாமில் ஏசி மெக்கானிக்.
பதினொரு நாள் லீவு,
அதில் ஒரு ராத்திரி மேகத்திலேயே கழிந்துவிட்டது.
சீட்டுக்கு முன்னால் திரை இருந்ததாம்,
அதில் கொண்டோட்டி என்று எழுதி
அந்த எழுத்தின் மேல் ஒரு வெள்ளை விமானம்.
உயரம் தொள்ளாயிரம் மீட்டர்.
"எங்க வீட்டுக் கிணத்துக்கு நேர் மேலே இருந்தேன்" என்றார்,
"மூணு தரம்."

வாளையாரில் லாரிகள் ஒதுங்கி நின்றன.
கணவாய்க் காற்று
முன்கண்ணாடியில் கை வைத்துத் தள்ளியது.
அதனிடம் பெர்மிட் கேட்க ஆளில்லை.

போன் வந்தது. அவர் மனைவி.
போர்டில் ஊர் மாறியதுமே
அண்ணனின் ஜீப்பில் கிளம்பிவிட்டாளாம், கோவைக்கு.
சந்திரநகர் தாண்டியாச்சாம்.
நாங்கள் வாளையார் தாண்டியிருந்தோம்.
எதிரே வரும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும்
சைதலவி சீட்டிலிருந்து பாதி எழுந்தார்.
நான் லைட்டைத் தாழ்த்திக்கொண்டே போனேன்.

கஞ்சிக்கோட்டில், இரும்பு ஆலைக்கு முன்னால்,
அந்தப் பக்கம் ஜீப், இந்தப் பக்கம் பஸ்.
நடுவில் இடுப்பளவு அரளி.

வழியில் யாரையும் இறக்கக் கூடாது என்பது உத்தரவு.
அவர் பெட்டியோ எல்லாவற்றுக்கும் அடியில்.
க்ளீனர் சுதீஷ் முனகினான்.
தளிப்பறம்பு வரை போக வேண்டிய ஒருத்தர்தான்
முதலில் இறங்கி, மழையில்
மற்றவர்களின் பெட்டிகளை இழுத்துப் போட ஆரம்பித்தார்.
பிறகு ஏழெட்டுப் பேர்.
பெட்டி அரளிக்கு மேலே கைமாறிப் போனது.

அவள் எதுவும் கேட்கவில்லை.
"சத்தம் கேட்டது" என்று மட்டும் சொன்னாள்.
"மேகத்துக்குள்ள. மூணு தடவை."
ஜீப்பைத் திருப்ப இடம் தேடி
அண்ணன் கோவைப் பக்கமே போய்க்கொண்டிருந்தான்,
இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு.

ட்ரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தேன்.
'இறங்கிய இடம்' என்ற கட்டத்தில்
அவரே ஏதோ எழுதினார்,
கட்டத்துக்கு அடங்காமல் ஓரம் வரை.

கரிப்பூரில் வெயில் அடித்தது.
கவுண்டர் பையன் எண்ணினான், நாற்பது.
"ஒண்ணு எவிடே?"
தாளை நீட்டினேன்.
எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.
அவன் படித்தான். என்னைப் பார்த்தான்.
மறுபடி படித்துவிட்டு முத்திரை குத்தினான்.
நான் கேட்கவில்லை.
மேலே அடுத்த விமானம்
சரியான நேரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.