பெட்டியின் எடை

சுவரோரச் சோபாவில் எஸ்பென் உட்காருமிடத்தில்
இன்று எஸ்பென் இல்லை.
கொக்குபோல ஒற்றைக் காலில் ஒரு மைக்.
தரையிலிருந்து நூற்றைந்து சென்டிமீட்டர்,
அவன் காதின் உயரம்.
நாடா பிடித்து அளந்தவள் நான்.

ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று.
கடிகாரத்தைக் குளியலறையில் வைத்தாயிற்று.
மூச்சு விடலாமா என்றேன்.
மெதுவாக, என்றான்.

பிறகு அந்த ஊளை.
அடிவயிற்றில் தொடங்கி
மேசைக் கரண்டிகளைத் தொட்டு எழுப்பி
மார்பு, தொண்டை, பல் என்று மேலேறி
பதினோராயிரத்தில் எனக்குத் தீர்ந்துபோனது.
அவனுக்கு அதற்கும் முன்பே.
திரையில் மட்டும் கோடு போய்க்கொண்டிருந்தது.
நாய் எழுந்து வெளியே நடந்தது.
மிச்சத்துக்கு அதுதான் சாட்சி.

நாற்பத்தொன்றாம் ஹெர்ட்ஸில் ஒரு திமில்.
பதினோரு டெசிபல்.
"ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை,
அறையும் கூடச் சேர்ந்து பாடுகிறது."

எனக்கு இதை விளக்க வேண்டாம்.
ஸ்கேகன் ஏலக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக
மீன் எடை போடுகிறவள்.
பெட்டியின் எடை போக, பனிக்கட்டியின் எடை போக
மிஞ்சுவது மீன்.
எழுதி முடிப்பதற்குள் பனிக்கட்டி
கொஞ்சம் உருகியிருக்கும், அதைப் பேச மாட்டோம்.

அவன் கழித்தான்.
அறையைத் தலைகீழாகக் கவிழ்த்து
எண்களால் ஒரு வார்ப்பு எடுத்தான்.
முதல் வார்ப்பில் பிழை.
யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே:
ஒவ்வொரு டிரம் அடிக்கும் முன்னால்
ஒரு சிணுங்கல்,
இன்னும் விழாத அடிக்கு எதிரொலி.
இரவு இரண்டு மணிக்கு அதையும் அடக்கினான்.

காலையில் டபுள் பேஸ் தட்டு ஒன்று.
"கேள், விரல் கம்பியை விடுவதுகூடக் கேட்கிறது!"
நான் என் நாற்காலியில் இருந்தேன்,
அறையின் நட்டநடுவில், விளக்கடியில்,
பின்னலுக்கு அங்கேதான் வெளிச்சம்.
அடிக்கம்பிக்கு வரும்போதெல்லாம்
வாசிப்பவர் எழுந்து புகைபிடிக்கப் போனார்.
அடுத்த சுரத்துக்குத் திரும்பி வந்தார்.

சொன்னேன். நம்பவில்லை.
கொக்கைத் தூக்கி என் நாற்காலியில் நிறுத்தினான்.
அதே நாற்பத்தொன்றில்
அவனுக்குத் திமில், எனக்குக் கிணறு.
இருந்த கிணற்றை
நேற்றிரவு இன்னும் வெட்டியிருக்கிறான்.

நிரப்புகிறேன் பார் என்று
பன்னிரண்டு டெசிபல் ஏற்றினான்,
பதினாறு மடங்கு மின்சாரம்.
ஆம்ப்பில் சிவப்பு எரிந்தது.
சமையலறையில் கிண்ணங்கள் நடக்கத் தொடங்கின.
மேல்வீட்டுத் திருமதி கெல்கோர்
துடைப்பக் கட்டையால் தரையை இடித்தார்.
என் நாற்காலியில் மட்டும் ஒன்றுமில்லை.

அவன் கூட்டி அனுப்பக் கூட்டி அனுப்ப
சுவரும் கூட்டித் திருப்புகிறது.
இரண்டு கடலும் வந்து முட்டும் மணல்முனையில்
இடுப்பளவு நீரில் நின்றவர்களுக்கு
இது தெரியும்.
அவனும் நின்றிருக்கிறான், என்னோடு,
அப்போது டெசிபல் பற்றி அவன் பேசவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டான்.
கணினியின் வெளிச்சத்தில் காது மட்டும் சிவந்திருந்தது.

நான் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தேன்.
அவன் அந்த ஒரே சுரத்தை ஓடவிட்டான்.
இல்லை என்றேன்.
இன்னும் இல்லை.
கம்பளத்தின் விளிம்பு தாண்டி
இரண்டரை அடியில்
புகைபிடிக்கப் போனவர் வந்து உட்கார்ந்தார்.

பதினொன்றை ஆறாக்கினான்.
அவனுக்குக் கொஞ்சம் அதிகம்,
எனக்குக் கொஞ்சம் குறைவு.
நாய்க்கு இப்போது குறுக்கே போக வழியில்லை.
விளக்கு எட்டவில்லை,
நீல நூலா கறுப்பா என்று தெரியாமல்
ஒரு வரிசை பின்னிவிட்டேன்.
பிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவன் அக்கா வீட்டார் வருகிறார்கள்,
மூன்று பேர், கம்பளிக் கோட்டுகளோடு.
மறுபடி அளக்க வேண்டும் என்கிறான்.