ஏழாம் நிலையம்

எண்ணூர் முகத்துவாரம், அலைதடுப்பின் வடக்குப் பக்கம்.
காலை ஐந்தே முக்கால். தண்ணீர் வற்றும் நேரம்.
என் நோட்டில் இது ஏழாம் நிலையம்.
துலுக்காணத்துக்கு இது கோழிக்கல்லு.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

கல்லில் பச்சைப் பாசி.
பின்னால் விரல் வைத்தால் ரேகை தெரியும், அவ்வளவு மெல்லிசு.
பிளாஸ்டிக் பை கூடாது.
அலுமினியத் தாளில் பொதிந்து ஐஸ் பெட்டியில் வைப்பேன்.
"பிரியாணி பார்சலாட்டம் கீது" என்பார்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தால்
அது இன்றைக்கு மட்டும்தான் பேசும்.
ராத்திரி எவன் எதைத் திறந்துவிட்டான் என்றால்
நான் இப்பத்தான் வந்தேன் என்று கைவிரிக்கும்.
மீனுக்குத் துடுப்பு இருக்கிறது, போய்விடும்.
பாசிக்குப் போக்கிடம் இல்லை.
வந்ததையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு
கல்லைப் பிடித்து நிற்கிறது.

அரைத்து, கரைத்து, வடித்து
எந்திரத்துக்குள் ஒரு துளி.
நாற்பது நிமிஷத்தில் திரையில் மேடு மேடாய் எழும் கோடு.
இது கப்பல் கழிவு.
இது பழைய தார், வெயிலில் காய்ந்தது.

மூன்றாம் மாதம்
எதோடும் ஒட்டாமல் ஒரு சின்ன மேடு.
டீசல். புத்தம் புதுசு.
எல்லா நிலையத்திலும் ஏறக்குறைய ஒரே உயரம்,
குழாயும் கப்பலும் எட்டாத, ஒப்பீட்டுக்கென்று வைத்த
தெற்குப் பாறையிலும்.

புரிய இரண்டு நாள் ஆனது.
சொல்ல ஒரு வாரம்.

"இன்னா மேடம், நம்ம இஞ்சினா?"

"நம்ம இஞ்சின்தான்."

பீடியைப் பற்றவைக்காமலே பிடித்திருந்தார்.
எண்ணெய் கரையேறிய மார்கழியில்
வாளியால் தார் அள்ளியவர்,
நாலு வலையை மணலிலேயே கொளுத்தியவர்,
நஷ்டஈட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்.
இத்தனை நாள் அவர் சுமந்து வந்த சாட்சியத்தில்
அவரும் இருந்தார்.

அடுத்த அமாவாசை.
கல்லுக்கு இருநூறு அடி முன்பே இஞ்சினை அணைத்தார்.
பலகைக்கு அடியிலிருந்து ஒரு துடுப்பு வந்தது,
பிடி மட்டும் புது மரம்.
ஓட்டம் எதிர்த்தது. படகு
இரண்டு அடி போய் ஒரு அடி திரும்பியது.
அனல்மின் நிலையத்துச் சிம்னிகள் எங்களைப் பார்த்தபடி
புகைத்துக்கொண்டிருந்தன.
அவர் முதுகு முழுக்க வேர்வை.

"இப்ப எடு. இதுல வர்றது எதுவும் என்னுது இல்ல.
எயுதிக்கோ."

எழுதினேன்.
நிலையம் ஏழு. காற்று வடகிழக்கு, லேசாக.
நீர்மேல் எண்ணெய்ப் படலம்: கண்ணுக்குத் தெரியவில்லை.
அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லாததால்
ஓரத்தில் பென்சிலால்:
படகு, கையால்.