ஒரு பானை மீன் சூப்

ஜூனோவில் மழை இல்லாத நாளில்
எல்லோரும் வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.
அன்று சந்தேகத்துக்கு இடமில்லை.
நனைந்த உறையில் வந்தது
வெர்னா லிண்ட்குவிஸ்டின் கேள்வி.
சட்டமன்ற மீன்வளக் குழுவின் தலைமை உதவியாளர்.
பத்தொன்பது ஆண்டுகளில்
அரசாங்கப் பேனா ஒன்றுகூட
அவர் கைப்பையில் வீடு போனதில்லை.

"என் கணவர் ஹால்வர் செவ்வாய்க்கிழமை இறந்தார்.
புதன் மாலை ராய்ஸ் டில்லட்சன் கதவைத் தட்டி
ஒரு பானை ஹாலிபட் சூப் தந்துவிட்டுப் போனார்.
இது அன்பளிப்பா?
ஆமென்றால், மதிப்பு என்ன?"

நெறிமுறை அலுவலகத்தில் நான் இரண்டாவது மேசை.
அன்புக்கு விலை போடுவது என் பிழைப்பு.
புகையிட்ட சால்மன், அரைப் பக்கம்.
பனியாற்றுக்கு மேல் ஹெலிகாப்டர் சவாரி, ஆள் இரண்டு.
நின்றபடி தின்றால் சிற்றுண்டி,
நாற்காலியை இழுத்துப் போட்டால் விருந்து.
முழங்கால் மடிகிற இடத்தில்
லஞ்சம் தொடங்குவதாக
எங்கள் விதிப்புத்தகத்துக்கு ஒரு நம்பிக்கை.

போன ஜனவரி வரை ராய்ஸ்
மீன்வளத் துறையின் துணை ஆணையர்.
இப்போது நண்டுக் கம்பெனிகளின் சம்பளம்.
ஓராண்டுக்கு வாய்ப்பூட்டு:
தான் கையெழுத்திட்ட எதைப் பற்றியும்
இந்தக் கட்டடத்தில் பேசக் கூடாது.
எதிர்க் காப்பிக்கடையில் ஜன்னலோரம்
தினமும் உட்கார்ந்திருப்பார்,
நாட்காட்டியைப் போல, ஒவ்வொரு தாளாகக் குறைந்தபடி.

அவரும் ஹால்வரும் ஒரே படகில்
இருபத்திரண்டு பருவம் தூண்டில் போட்டவர்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
துக்க வீட்டுக்கு வரும் உணவுக்கு விலக்கு உண்டுதான்,
"உறவினர் தந்தால்" என்றிருக்கிறது.
படகு உறவாகுமா?
விதிப்புத்தகத்தின் பின்பக்கம் வரை தேடினேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
எங்கள் சட்டமும் அதையேதான் சொல்கிறது,
முப்பது நாளுக்குள்,
மூன்று பிரதிகளில்.

தொலைபேசினேன்.
"சாப்பிட்டீர்களா?"
"உங்கள் பதில் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.
மேலே ஆடை கட்டிவிட்டது."

மீன் இரண்டு பவுண்டு, உருளைக்கிழங்கு, வெண்ணெய், பால்.
கடைவிலைக்குக் கூட்டினேன். முப்பத்தொரு டாலர்.
வரம்புக்குள்தான், சாப்பிடலாம் என்றேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு,
"அவ்வளவுதானா?" என்றார்.
"ராய்ஸுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவான்."

முன்னூற்று அறுபத்தாறாம் நாள்
காப்பிக்கடை ஜன்னல் காலியாக இருந்தது.
கழுத்தில் புது அட்டை, கக்கத்தில் கோப்பு,
மாடிப்படி ஏறி வந்தார் ராய்ஸ்.
வெர்னாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது.
கழுவித் துடைத்த பானையை முதலில் அவர் கையில் கொடுத்து
"உட்காராதே" என்றாராம் வெர்னா.
நண்டுப் பங்கீடு பற்றிப் பதினோரு நிமிடம்
பானையை இடுப்பில் அணைத்தபடி
நின்றே பேசினார் அவர்.
ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார் வெர்னா.
ஹால்வரின் பெயரை
இருவருமே எடுக்கவில்லை.

குழுவுக்கு வெர்னா எழுதிய குறிப்பு
எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது,
அதைப் படிக்கும் அதிகாரம் முதல் மேசைக்கும் இல்லை.
எனக்கு வந்தது சந்திப்புப் பதிவு மட்டும்.
தேதி, பொருள், நேரம்.
உணவு: இல்லை.

நேற்று இன்னொரு உறை, அதுவும் ஈரம்.
"பானையின் மூடி
என் அலமாரியிலேயே தங்கிவிட்டது.
தபாலில் அனுப்பினால் அன்பளிப்பா?
நேரில் கொடுத்தால்
அது சந்திப்பாகிவிடுமே."