மூச்சு வாங்குதல்

மூக்கைத் துணியால் மூடிய இரண்டு கார்கள்
இரவு லாரியில் பாம்பன் பாலம் கடந்தன.
கம்பெனி இன்னும் பெயர் வைக்கவில்லை,
நாங்களே வைத்துக்கொண்டோம்:
காற்று தானாக வரட்டும் என்றிருப்பது சும்மா.
டர்போ பூட்டியது விசிறி.

முகுந்தராயர் சத்திரம் தாண்டினால்
அடிக்கோல் வைத்துக் கிழித்த சாலை.
இடப்பக்கம் பெண்கடல், தூங்குகிறது.
வலப்பக்கம் ஆண்கடல்
கல்லைப் போட்டுக் கல்லை எடுக்கிறது.
மணி ஐந்து இருபது.
சாவடிக் காவலர் அனுமதிக் கடிதத்தை
டார்ச் அடித்து இரண்டு முறை படித்தார்.

முதலில் சும்மா.
போன மாதம் கொடைக்கானல் ஏற்றத்தில்
ஆஸ்துமாக்காரன் போல நின்று நின்று வந்தது இதுதான்.
இங்கே கடல்மட்டம், விடியற்குளிர்,
ஒவ்வொரு மிடறு காற்றும் கனம்.
மிதித்தேன்.
கால் சொன்னது காதுக்கு வந்தது.
நாலாயிரம், ஆறாயிரம்,
எட்டாயிரத்து இருநூறில் ஓர் ஓலம்,
மணலில் உட்கார்ந்திருந்த ஆலாக்கள் மொத்தமும் எழுந்தன.
ஒன்றையும் ஒளிக்கத் தெரியாத எஞ்சின்.

“காதுக்குப் பிடித்ததை எழுதிடாதீங்க,”
மடிக்கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல் மர்ஜானா சொன்னாள்,
“கோட்டைப் பாருங்க.”

பிறகு விசிறி.
மிதித்தேன். ஒன்றுமில்லை.
ஒன்று என்று வாயால் சொல்லி முடிக்கும் நேரம்,
அவ்வளவுதான் அந்த ஒன்றுமில்லை.
அப்புறம் முதுகு இருக்கைக்குள் போனது.
கஞ்சன் இது.
விட்ட மூச்சையும் வீணாக்காது;
வெளியேறும் புகையைப் பிடித்துச் சக்கரம் சுற்ற வைத்து
அடுத்த மூச்சைத் திணித்துக்கொள்ளும்.
எஞ்சினோ பாதி அளவு,
பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.
வரப்போகும் சட்டமெல்லாம் இதன் பக்கம்,
கோடும் இதன் பக்கம்.
மர்ஜானா ஒன்றும் சொல்லாமல்
திரையை என் பக்கம் திருப்பினாள்.

தேநீர்க் கொட்டகையில் சந்தியாகு.
தங்கச்சிமடம். சங்கு எடுப்பவர்.
தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்து, எதற்கு இரண்டு என்றார்.
சொன்னேன்.
சிரிக்கவில்லை.

“ரெண்டும் நமக்குப் பழக்கம்தான்.
சொந்த மூச்சுல முங்குனா
எப்ப ஏறணும்னு நெஞ்சே சொல்லிரும்.
கம்ப்ரஸர் ஓஸைக் கடிச்சுட்டு இறங்குனா
அது சொல்லாது.
இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு
கை போய்க்கிட்டே இருக்கும்.”
முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.
“ஓஸ் இல்லாம படகுக் கடன் அடையாது, அதையும் எழுதிக்கங்க.”

“அப்ப யார்தான் சொல்றது?”

“மேல மச்சான் இருக்கான்ல, கயிறு அவன் கையில.
ரெண்டு இழு இழுப்பான்.”

மதியம் கச்சான் கிளம்பியது.
சாலை பாதி மணலுக்கடியில்.
காற்று வடிகட்டிகளைக் கழற்றி எடை போட்டோம்.
சும்மாவில் இரண்டு கிராம் மணல், ஒரு தும்பியின் இறக்கை.
விசிறியில் ஏழு கிராம், பொடிச் சிப்பி,
நாவில் வைத்தால் உப்பு.
அதே தூரம்தான் ஓடின இரண்டும்.

நமக்கு மூச்சு வாங்கும் என்பார்கள்.
யாரிடம் வாங்கியது, என்ன விலைக்கு
என்று அறிக்கையில் கட்டம் கிடையாது.
‘பரிந்துரை’ என்ற கட்டத்தில்
மர்ஜானா ‘டர்போ’ என்று அடித்தாள்.
நான் மறுக்கவில்லை.
எட்டாயிரத்து இருநூறு மட்டும்
காதுக்குள் இன்னும் இறங்காமல் நின்றது.

‘குறிப்பு’ காலியாக இருந்தது. எழுதினேன்:
அழுத்தம் ஏறும் முன்
மிதியில், ஓட்டுகிறவர் பாதத்துக்குத் தெரியும்படி,
இரண்டு சிறு அதிர்வு.

“எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதாதா?” என்றாள்.

கொட்டகைப் பக்கம் பார்த்தேன்.
சந்தியாகு போய்விட்டிருந்தார்.
அவர் படகைக் கேட்டேன், காட்டினார்கள்;
ஆண்கடலில் ஒரு புள்ளி,
அதன் மேல் நின்றபடி
ஓர் ஆள்.