நாற்பது நிமிடம்

அந்தேரி. லிஃப்ட் ஓடாத கட்டடம், ஐந்தாம் மாடி.
என் முதுகில் பேனாவால் ஆறு கட்டம்.
ஐந்தில் களிம்பு.
ஒன்றை வெறுமனே விட்டார்கள்.

தொட்டியில் இருபது நிமிடம்.
ஏறி, துடைக்காமல் காய்ந்து,
மறுபடி இருபது.
ரெபெல்லோ மேடம் கடிகாரம் பார்க்கிறார்.
"பேசலாம். முதுகு மட்டும் எங்கேயும் உரசக் கூடாது."

பேச என்ன இருக்கிறது.
சயானில், தண்டவாளத்தோரம்,
மே மாதம் தகரத்துக்குத் தார் பூசினோம்.
முதல் மழையிலேயே சொட்டுகிறது.
அங்கே நிமிடம் எண்ண ஆளில்லை.

பிறகு விளக்கைக் காட்டினார்கள்.
மறுநாள் பார்த்ததில்
நான்கு தாங்கிற்று, ஒன்று பாதி.
வெறும் கட்டம் செக்கச்செவேல்.

எண்ணூறு ரூபாய், ஒரு கையெழுத்து.

இரவு மல்லாக்க முடியாமல்
குப்புறப் படுத்தேன்.
சொட்டு
சரியாக அந்தக் கட்டத்தில் விழுந்தது.
நான் நகரவில்லை.