ஏழாம் நம்பர் உலர்த்தி

ஞாயிறு இரவு ஒன்பதரை.
என்ர சலவைக்கடையில ஆக்கள் குறையேல்லை.
வூப்பர்டாலில் மழை. அது செய்தியில்லை.
செய்தி அமெரிக்காவில:
ஒமாஹா அணி கோலுக்கு உதைக்கிற பந்துகளை
ஆரோ துணி உலர்த்தியில போட்டுச் சூடாக்கினவையாம்.
விசாரணைக் குழு போட்டாச்சு.
மூண்டு வக்கீல், ஒரு பௌதீகப் பேராசிரியர்.
நடுவில, பந்துப்பை காவுற பெடியன் ஒருத்தன்,
பத்தொன்பது வயசு,
வாயே திறக்கிறானில்லை.

"சூடான தோல் இளகும், இளகினா எகிறும்,
ஐம்பத்தெட்டு யார் சும்மா போகுமோ?"
இது ஃபோல்கர். வரிக் கந்தோரில வேலை.
ரசீது இல்லாத எதையும் நம்பாத மனுசன்.
"உறைபனியில உதைச்சுப் பார், கல்லை உதைச்ச மாதிரி.
குளிருக்குப் போர்த்திவிட்டா களவோ?"
இது செடாத், தொங்குரயில் ஓட்டுறவன்.
ஒமாஹா சட்டையைத் தோய்க்கப் போட்டிட்டு
உள்பெனியனோட நிண்டு
ஒமாஹாவுக்கு வாதாடினான்.
லெஷெக்கின்ர அணி போன மாதமே வெளியில.
ஆனபடியால் அவன்
எல்லாரையும் தடை செய்யச் சொன்னான்.

சவர்க்காரத் தூள் ஒரு கப் எண்பது சென்ற்.
அண்டைக்குப் பதினொரு கப் வித்தன்.
வாதம் சூடேறினா
தோய்ச்ச உடுப்பையே திரும்பத் தோய்ப்பினம்.

அப்பதான் மயூரதன் பையைத் திறந்தான்.
பகலில மின்சார வேலை,
சனிக்கிழமையில இந்த ஊர் அணிக்கு உதைக்கிறவன்.
பந்தை எடுத்து மேசையில வைச்சான்.
"கதைச்சு என்ன, போட்டுப் பாப்பம்."
நாலு பேரும் என்னைப் பாத்தினம்.
நான் சுவரைப் பாத்தன்:
சப்பாத்து, கம்பளம், நாய்ப்போர்வை போடப்படாது.
பந்து எண்டு எழுதியிருக்கேல்லை.

ஏழாம் நம்பர். நடுச்சூடு. இருபது நிமிசம்.
ரெண்டு யூரோ ஃபோல்கர் போட்டார்,
ரசீது கேட்டார்.
உருளத் தெரியாத பந்து அது,
ரெண்டு பக்கமும் கூர்.
தொம். தொதொம்.
தொம்.
அடுத்தது எப்ப எண்டு
எப்பிடி எண்ணினாலும் பிழைச்சுது.
பேச்சு நிண்டிட்டுது.
பிரசவ அறைக்கு வெளியில நிக்கிற மாதிரி
நாலு ஆம்பிளையள்
கண்ணாடி வட்டத்தைப் பாத்துக்கொண்டு நிண்டினம்.

ஆத்தங்கரை, கார் விடுற இடம்.
ஈரம், கால் வழுக்கும் எண்டு சொன்னன்.
மயூரதன் சட்டைக்குள்ள பந்தைப் பொத்திக்கொண்டு வந்தான்,
சூடு போகப்படாதெண்டு.
செடாத் குந்தியிருந்து ஒரு விரலால பிடிச்சான்.
மூண்டடி பின்னுக்கு, ரெண்டடி பக்கத்துக்கு,
உதை.
தெருவிளக்கைத் தாண்டிச்சு,
ரயிலைத் தாங்குற பச்சை இரும்புக் காலுகளுக்குள்ள
பூந்து
காணாமல் போச்சு.
தண்ணியில விழுந்த சத்தமும் இல்லை.

"அறுபது!"
"நாப்பத்தைஞ்சு. அதுவும் காத்துத் தள்ளினது."
"முதல் குளிர்ப்பந்தை உதைச்சுப் பாத்திருக்க வேணும்,
இல்லாட்டி எதோட ஒப்பிடுறது?"
எண்டார் ஃபோல்கர்,
எல்லாம் முடிஞ்சாப் பிறகு.
லெஷெக் தன்ர ஈரத் துவாயளை அள்ளிக்கொண்டு
ஒருத்தருக்கும் சொல்லாமல் போட்டான்.

விடியப்புறம் முதல் ரயில்
இரும்பை உலுப்பிக்கொண்டு போக
என்ர வாசலுக்கு முன்னால பந்து விழுந்தது.
பனிக்கட்டி மாதிரி, ஒரு பக்கம் கிரீஸ்.
அந்த ரயிலை ஓட்டினது செடாத்தான்.
அவனுக்கு ஒண்டும் தெரியாது.

அடுத்த ஞாயிறும் வந்தினம்.
மயூரதன் கையில தூரம் அளக்கிற கருவி,
லெஷெக் தூள்ப் பெட்டியின்ர மட்டையில
ஆறு கீறி, தூண் கீறி, அம்புக்குறி போட்டான்.
ஆத்தோட போனதெண்டா றைனுக்கே போயிருக்கும்,
பிறகு கடலுக்கு,
அதையும் தூரத்தில சேக்கிறதோ எண்டு ஒரு சண்டை.
"நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?"
ஃபோல்கர் என்னட்டை, வரிக் கந்தோர்க் குரலில.
சோடி இல்லாத காலுறைக் கூடையை
காலால மேசைக்குக் கீழ தள்ளிப்போட்டு
"சரியான இருட்டு" எண்டன்.

அங்க அந்தப் பெடியனும்
இன்னும் வாய் திறக்கேல்லையாம்.
எட்டு மணிக்குள்ள ஒன்பது கப்.