கொடுக்கிறேன் என்பது எந்தக் காலம்

போன வியாழன் அன்பியம் எங்கள் வீட்டில்.
பதினாறு நாற்காலி, அதில் ஐந்து வாடகை.
வாசலில் கிடந்த செருப்புகள்
சில கோயமுத்தூரைப் பார்த்தன,
சில பாலக்காட்டை.
வாசிக்கிற முறையும் எனக்குத்தான்.
செபஸ்தியம்மாள் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்:
சக்கேயு.

நான் நினைத்திருந்தது வேறு பக்கம்.
விதைக்கிறவன், கடுகுவிதை,
மண் சம்பந்தப்பட்ட ஏதாவது.
இவனோ
என் மனைவி வீட்டார் வேதத்தில் ஆயக்காரன்,
ஒலவக்கோட்டில் மலையாளப் பூசை காண்பவர்களுக்குச் சுங்கக்காரன்,
எங்கள் புத்தகத்தில் வரிதண்டுபவர், மரியாதையோடு.
வேலந்தாவளம் செக்போஸ்டில் எனக்கிருந்த பெயர்
'கூண்டுக்குப் பத்து'.

கோழி லாரி வரும் ராத்திரி ரெண்டுக்கு மேல்.
பல்லடத்துக் கோழி,
கூண்டு கூண்டாய் வெள்ளை மூச்சு.
டிரைவர் இறங்கமாட்டான்.
கிளீனர் பில்லை நீட்டுவான், நடுவில் மடித்த நோட்டு.
எண்ணவேண்டியதில்லை, தடவினால் தெரிந்துவிடும்.
கம்பம் மேலே போகும்.
விடிவதற்குள் ஐந்து பங்கு.
என் பங்கில் வந்ததுதான் இந்த மொசைக்.
இன்னும் சற்று நேரத்தில்
இதன்மேல்தான் எல்லோரும் முழங்காலிடுவார்கள்.

வாசித்து முடித்தேன்.
இஞ்ஞாசி வாத்தியார் தொண்டையைச் செருமி
மரம் ஏறியது தாழ்மை என்றார்.
ஏறினா எப்படித் தாழ்மை என்றான்
கரண்டு ஆபீஸ் பெஞ்சமின்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான், ஒரு நொடி பிந்தி.

சிரிப்பு அடங்கவிட்டுத் தெரசாள் கேட்டாள்.
பெர்க்மான்ஸின் மனைவி.
அவன் கோழி லாரியோடு
கஞ்சிக்கோட்டில் கவிழ்ந்து ஒன்பது வருஷம்.
"எனக்கொரு சம்சயம்.
நாலு மடங்கு கொடுக்கிறேங்கிறானே,
கொடுக்கிறேன்னா இனிமே கொடுக்கப்போறதா,
இல்ல, முன்னாலிருந்தே கொடுத்துட்டிருக்கிறதா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நிகழ்காலம், என்றார்.
"அது தெரியுது வாத்தியாரே.
எங்க வீட்டுக்காரருக்குப் பாக்கி வச்சவங்க எல்லாரும்
கொடுக்கிறேன்னுதான் சொன்னாங்க.
அதுவும் நிகழ்காலந்தான்."

யாரும் பேசவில்லை.
மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளப் பார்த்தது,
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன்.
வேதம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.
மறுநாள் காலை சக்கேயு வீட்டு வாசலில்
யார் யார் வந்து நின்றார்கள்,
எவன் ரெண்டு தடவை வாங்கிப் போனான்,
செத்தவன் பங்கை யார் கையில் கொடுத்தான்,
வீட்டுக்காரி என்ன சொன்னாள்,
ஒன்றும் இல்லை.
ஆண்டவர் அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்.
ஆனால் எரிகோவிலும் ஒரு பேரேடு இருந்திருக்கும்.

என்னிடம் இருக்கிறது.
இரும்பு பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில்
பங்கு பிரிக்க எழுதிய நீள நோட்டு:
தேதி, வண்டி நம்பர், எத்தனை கூண்டு.
செக்போஸ்டை மூடிய அன்றைக்கே எரித்திருக்கலாம்.
மனந்திரும்புதல் அது இதென்று ஒன்றுமில்லை,
கணக்கை எரித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.
பெர்க்மான்ஸின் முகம் எனக்குத் தெரியாது.
அவன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தான்.
வண்டி நம்பர் தெரியும்.

திரும்ப ஒருமுறை மனசுக்குள் வாசித்தேன்.
சக்கேயு எழுந்து நின்று, என்றிருந்தது.
இத்தனை வருஷம் அந்த 'எழுந்து நின்று'
என் கண்ணில் பட்டதேயில்லை.
நான் உட்கார்ந்தே வாசித்திருந்தேன்.

சுக்குக்காப்பி வந்தது.
"உங்க வண்டி," என்றேன் தெரசாளிடம்,
"எண்பத்தொன்று இருபத்திரண்டுதானே?"
ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எழுந்து நின்றேன்.
இதுவரை அவ்வளவுதூரம்தான் வந்திருக்கிறேன்.
அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்,
அந்த மொசைக்கில்.